கத்தத் தெரியாதவள்

சுங்கை பட்டாணி
4 மார்ச் 1979

அன்பு மகள் லோங்குக்கு,

உன் அபா தாயிப் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன்னைப் பெற்ற மாக், இரண்டு பூனைகள் எல்லோரும் சுகம். மூன்றாவது பூனையைக் காணோம். நான் சமைத்த மீனைத் தின்ற மறுநாள்தான் அது வீட்டை விட்டுப் போனது என்று உன் மாக் வரிசை வீடெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். நீ நம்பாதே. அது முன்பே யோசனையில்தான் இருந்தது.

நீ அனுப்பிய ஃபிளாஸ்க் வியாழக்கிழமை பஸ் கண்டக்டர் கையில் வந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ‘மாதத்தின் சிறந்த தொழிலாளி, சல்பியா பிந்தி தாயிப்’ என்று அச்சடித்திருந்ததை மூன்று தரம் படித்தேன். கண்ணாடி போட்டு ஒரு தரம், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம். எங்களுக்கு நீ மூத்தவள், லோங்; அச்சில் சல்பியா பிந்தி தாயிப், தாயிப்பின் மகள்! என் பெயர் அச்சில் வருவது இது இரண்டாவது முறை. முதல் முறை தண்ணீர் இலாகாவில் தாமதமாக வந்தவர்கள் பட்டியலில் வந்தது.

ஃபிளாஸ்க்கை வீட்டில் வைக்கவில்லை. இலாகாவுக்குக் கொண்டுபோய் என் புகார் சன்னலிலேயே வைத்துவிட்டேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும். நேற்று ஒருவன் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“ரெண்டு நாளா குழாய்ல காத்துதான் வருது! நீ இங்க சொகுசா காப்பி குடிச்சிக்கிட்டு இருக்கியா?”

“காப்பி இல்லண்ணே, வெறும் சுடுதண்ணி. உங்களுக்கு வராத தண்ணி இதுதான் லா.”

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சன்னலில் உட்கார்ந்து நான் கற்றது இவ்வளவுதான். திட்டுகிறவன் திட்டட்டும், நீ சிரி. சிரிக்கிறவன் மேல் எதுவும் ஒட்டாது, சேம்பிலையில் தண்ணீர் மாதிரி உருண்டு போய்விடும். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு மகளுக்குச் சொல்லித்தர வேறு பாடம் கிடையாது. நீ அதைப் படித்துப் பரிசும் வாங்கிவிட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாக் அனுப்பும் பொரித்த தேங்காய்ப்பூவில் பாதியை நான் தின்றதாக அவள் சொன்னால், கால் பங்குதான்.

உன் அபா,
தாயிப்


பாயான் லெப்பாஸ், பினாங்கு
15 மார்ச் 1979

அன்பு அபாவுக்கும் மாக்குக்கும்,

மகள் சல்பியாவின் ஸலாம். தேங்காய்ப்பூ வந்தது. அளவைப் பார்த்தால் மாக் சொல்வதுதான் சரி.

இங்கே ஆலையில் ஒரு கூத்து நடந்தது. திங்கட்கிழமை என் பக்கத்து இருக்கை ஃபௌசியா, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் திடீரென்று வீல் என்று கத்தினாள். லென்சுக்குள் ஒருவன் உட்கார்ந்து முறைக்கிறானாம், தலை இல்லையாம். தலை இல்லாதவன் எப்படி முறைத்துப் பார்த்தான் என்று நான் கேட்கவில்லை, கேட்கிற நேரம் இல்லை. அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள், பத்து நிமிஷத்தில் எட்டுப் பேர். நாற்பது கிலோ இருக்கிற ஃபௌசியாவைப் பிடிக்க ஐந்து காவலர்கள் வேண்டியிருந்தது. மறுநாள் நிர்வாகம் பேயோட்டுகிற ஒரு போமோவைக் கூட்டிவந்தது. அவர் சாம்பிராணி போட்டு மந்திரித்து, கேன்டீனுக்குப் பின்னால் ஒரு கோழியை அறுத்தார். கோழி எங்கள் தட்டுக்கு வரவில்லை, அதுதான் பெரிய துக்கம்.

கத்திய எட்டுப் பேருக்கும் மூன்று நாள் ஓய்வு கொடுத்து வேனில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பேய் பிடித்தவளைத் திட்டக் கூடாது, பாவம், அது அவள் குற்றமில்லை. சாதாரணமாகத் தலை வலிக்கிறது என்று சொன்னால் அது நம் குற்றம். ஆகவே அவர்களுடைய சில்லுத் தட்டுகளைக் கத்தாதவர்கள் பகிர்ந்துகொண்டோம். முடியை விட மெல்லிய தங்கக் கம்பி, ஒரு மின்னணுச் சில்லுக்குப் பதினாறு இடத்தில் ஒட்ட வேண்டும். நான் மூன்று பேர் தட்டை முடித்தேன். மேற்பார்வையாளர் என்சிக் ரம்லி வந்து, “சல்பியா, நீ கல்லு மாதிரி பொண்ணு. உன்ன விட்டா எனக்கு யாரு?” என்றார்.

சிரிக்கும்படி ஒன்று சொல்கிறேன். நேற்று நானும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பார்த்தேன். வாயை நன்றாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கொஞ்சம் இருமல் வந்தது. வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா, “இஞ்சித் தண்ணி குடி பிள்ள” என்றாள். உங்கள் மகளாகப் பிறந்த பலன் அபா, இந்தத் தொண்டைக்குச் சிரிக்க மட்டும்தான் தெரிகிறது.

என் பாய் இன்னும் உள்ளறைச் சன்னல் பக்கம்தான் விரித்திருக்கிறதா?

உங்கள் மகள்,
சல்பியா


சுங்கை பட்டாணி
22 மார்ச் 1979

அன்பு மகள் லோங்குக்கு,

உன் கடிதத்தைக் காப்பிக் கடையில் வாசித்துக் காட்டினேன். தலையில்லாதவன் முறைத்த இடத்தில் ஒரு சிரிப்பு, கோழிக்கு ஒரு சிரிப்பு, இருமலுக்குக் கடையே அதிர்ந்தது. “தாயிப், உன் மக உன்ன மிஞ்சிட்டா” என்றார்கள். எனக்குக் காப்பி இலவசம். அடிக்கடி எழுது.

சிரிக்காதவள் ஒருத்திதான். உன் மாக்.

“அவ எதுக்குக் கக்கூஸ்ல போய்க் கத்திப் பாத்தா?”

“விளையாட்டுக்கு லா.”

“விளையாட்டுக்கு யாராவது கதவைச் சாத்திக்கிட்டுக் கத்துவாங்களா?”

அவளுக்கு நகைச்சுவை என்பது பால் கறக்காத மாடு. நான் என்ன செய்ய?

கத்தினால் லீவு என்பது உங்கள் ஆலைச் சட்டம் மட்டுமில்லை, எங்கள் இலாகாவிலும் கத்துகிறவனுக்குத்தான் காரியம். இறைச்சிக் கடைக்காரர் வந்து மேசையில் ஒரு குத்து குத்தினார், சாயங்காலமே அவர் தெருவில் குழாய் ரிப்பேர். ரயில்வே சாலையிலிருந்து கறுப்புக் குடை பிடித்த ஓர் அம்மாள் வருவார். வந்து, “அவசரமில்லீங்க, முடிஞ்சப்ப பாருங்க” என்று மெதுவாகச் சொல்வார். அவர் சீட்டு மூன்று வாரமாக அடுக்கின் அடியில் கிடக்கிறது. நானும் ஒவ்வொரு தரமும் சிரித்த முகமாகத்தான் பதில் சொல்கிறேன். அவரும் சிரித்துவிட்டுப் போகிறார். நல்ல மனுஷி.

உன் பாய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கறுப்புப் பூனை அதன் மேல் நான்கு குட்டி போட்டிருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை. குடிவந்தவர்களை எழுப்ப மனசு வரவில்லை.

உன் அபா,
தாயிப்


பாயான் லெப்பாஸ்
6 ஏப்ரல் 1979

அன்பு அபாவுக்கும் மாக்குக்கும்,

ஸலாம். எனக்கு அரச பதவி வரப்போகிறது, எழுந்து நின்று படியுங்கள்.

இங்கே எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு. எனக்கு மட்டும் மஞ்சள் கோட்டு தரப்போகிறார்கள். மஞ்சள் சுல்தானுடைய நிறம் அல்லவா, பேய் மரியாதை கொடுத்து ஒதுங்கிவிடுமாம். பேயிடம் கேட்டுவிட்டுத்தான் என்சிக் ரம்லி சொன்னாரா என்று தெரியவில்லை. வேலை இதுதான். வரிசைக் கடைசியில் உட்கார வேண்டும். யாராவது கத்த ஆரம்பித்தால் நான் ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும். ஓய்வறையில் படுக்கவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு திரும்பி வந்து அவள் தட்டையும் என் தட்டையும் முடிக்க வேண்டும். மஞ்சள் கோட்டுக்காரி மட்டும் கத்தக் கூடாது. விதி அவ்வளவுதான்.

அபா, எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர், “உன்ன விட்டா யாரு?” என்கிறார். பெண்பிள்ளைகளும் அக்கா முறை வைத்து, “கக் சல், நீங்க இருந்தா தைரியமா இருக்கு” என்கிறார்கள். கல்யாணமாகாதவள் என்பதால் தகப்பன் கையெழுத்து வேண்டுமாம். இந்த வாரம் உங்களுக்கு ஆலையிலிருந்து கடிதம் வரும். அதில், ‘சம்மதமில்லை, அவள் தாய்க்கு முழங்கால் வலி, மகள் வீட்டுக்கு வரவேண்டும்’ என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்களேன். மாக்கின் முழங்காலிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். முழங்கால் சரிப்படாது என்றால், நான்கு பூனைக்குட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று எழுதுங்கள். இலாகா முத்திரை ஒன்றும் குத்திவிட்டால் என்சிக் ரம்லி நடுங்கிவிடுவார்.

எழுதுவீர்கள்தானே?

உங்கள் மகள்,
சல்பியா


சுங்கை பட்டாணி
14 ஏப்ரல் 1979

அன்பு மகள் லோங்குக்கு,

இலாகா முத்திரை! அதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் குட்டிகள் நான்கும் பாயை விட்டு ஓடிவிட்டன. கண் திறந்துவிட்டன இப்போது.

ஆலைக் கடிதம் புதன்கிழமை வந்தது. தடித்த காகிதம், தட்டச்சு. ‘மதிப்பிற்குரிய திரு தாயிப் அவர்களுக்கு’ என்று ஆரம்பம். லோங், பிறந்த நாளிலிருந்து என்னை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. ‘தங்கள் மகளின் மன உறுதியும் இன்முகமும் மற்றப் பெண்களுக்கு முன்மாதிரி’ என்று எழுதியிருந்தார்கள். இன்முகம் என்றால் என்னவென்று தலைமைக் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டேன். சிரித்த முகமாம். அது நம் குடும்பச் சொத்தல்லவா?

உன் மாக் வழக்கம்போல் குறுக்கே நின்றாள்.

“அவ வரணும்னுதானே கேக்குறா?”

“அவ தமாஷ் பண்றா. பூனைக்குட்டிய பாத்துக்க ஆளில்லன்னு எழுதச் சொல்றா, இது நெசமா?”

“உங்க மக உங்ககிட்ட வேற எப்படிப் பேசுவா?”

இதற்கு என்ன அர்த்தமென்று நான் கேட்டேன், அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னைப் புகழ்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியாதா உன்னை? புகழ்ந்தால் நெளிவாய். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கக் கூப்பிட்டபோது தூணுக்குப் பின்னால் போய் நின்றவள்தானே நீ. அதனால் தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்தேன். குமாஸ்தாவின் நல்ல பேனாவைக் கடன் வாங்கி, சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே என் சொந்தச் சரக்கும் ஒரு வரி சேர்த்தேன்: ‘என் மகள் சேம்பிலை, எந்தத் தண்ணீரும் அவள் மேல் நிற்காது.’ அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டேன், உன் கூச்சம் முந்திக்கொள்ளக் கூடாதே.

மஞ்சள் கோட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. ஃபிளாஸ்க் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உன் அபா,
தாயிப்


பாயான் லெப்பாஸ்
3 மே 1979

அன்பு அபா,

உங்கள் கையெழுத்தை என்சிக் ரம்லி காட்டினார். அழகாக இருந்தது. சேம்பிலை வரியை வேலை தொடங்கும் முன் எல்லோருக்கும் வாசித்தார். கைதட்டினார்கள்.

கோட்டு கொஞ்சம் பெரிசு. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருக்கிறேன். இந்த இரண்டு வாரத்தில் பதினொரு பேரைப் பிடித்தேன். ஒருத்தி என் கழுத்தில் கீறிவிட்டாள், ஆறிவிட்டது. பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தை சொல்லவேண்டுமே, என்ன சொல்வதென்று தெரியவில்லை, நீங்கள் சொல்வதையே சொல்கிறேன். ஒன்றும் ஒட்டாது, உருண்டு போய்விடும் என்று. கத்தி முடித்ததும் அவர்கள் முகம் எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா அபா? மழை விட்ட மாதிரி. அப்படியே தூங்கிவிடுகிறார்கள். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு மணி அடிக்கும்.

சோற்றைப் பார்த்தாலும் பருக்கைக்குப் பருக்கை கம்பி ஓடுகிறது. மைக்ராஸ்கோப் பழக்கம், ஒன்றுமில்லை என்கிறார்கள்.

படம் எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

சல்பியா


சுங்கை பட்டாணி
10 ஜூன் 1979

அன்பு மகள் லோங்குக்கு,

உன் பதில் வராமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டையும் தபால்காரன் தின்றுவிட்டானா, இல்லை பதவி வந்ததும் உனக்குத் தகப்பன் மறந்துபோய்விட்டானா? காப்பிக் கடையில், “உன் மக என்ன எழுதியிருக்கா?” என்று கேட்கிறார்கள். சொல்ல ஒன்றும் இல்லாமல் நானே இரண்டு தமாஷைக் கட்டி உன் பெயரில் விட்டேன். சுமாராகத்தான் சிரித்தார்கள். உன் கைவண்ணம் வரவில்லை.

மாக் தினமும் தபால் நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்கிறாள். இந்தச் செடி இனி நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

சோற்றில் கம்பி தெரிந்தால் நூடுல்ஸ் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடு.

உன் அபா,
தாயிப்


(அஞ்சலட்டை)
1 ஜூலை 1979

அபா, மாக், நலம். வேலை அதிகம். பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டனவா?

சல்பியா


சுங்கை பட்டாணி
29 ஜூலை 1979

அன்பு மகள் லோங்குக்கு,

குட்டிகள் கண் திறந்து, எலி பிடித்து, ஒன்று சம்பந்தமும் பேசி முடித்துவிட்டது. நீ எந்த மாதத்தில் இருக்கிறாய்? ஏப்ரலிலேயே எழுதினேனே. மாக் உன் அட்டையை வாங்கினாள். முந்தானையால் அதைத் துடைத்து, குர்ஆன் வைக்கிற பலகைக்குக் கீழே வைத்தாள்.

நோன்பு தொடங்கிவிட்டது. பெருநாளுக்கு எப்படியும் வந்துவிடு. லீவு தரமாட்டார்கள் என்றால் ஒரு கத்து கத்திவிட்டு வேனில் ஏறி வா, கேட்டால் அபா சொன்னார் என்று சொல். உனக்கென்று பச்சையில் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. அளவு பழைய அளவுதான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அபா


வீட்டிலிருந்து
30 செப்டம்பர் 1979

லோங்குக்கு,

இதற்குத் தபால்தலை வேண்டாம். நான் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், நீ உள்ளறையில் உன் பாயில் உட்கார்ந்திருக்கிறாய். நடுவே திரை மட்டும்தான். மாக் உனக்கு வைக்கிற பால் தம்ளருக்கு அடியில் இதை வைப்பேன்.

பெருநாளுக்கு நான்கு நாள் முன்பு ஆலை வேன் உன்னைக் கொண்டுவந்து விட்டது. இன்றோடு ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சைத் துணியை மாக் உனக்கு உடுத்திவிட்டாள், இரண்டு பேர் நுழையலாம் போல இருந்தது. டாக்டர் காத்திருங்கள் என்கிறார். முதல் வாரம் நான் உன் எதிரில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த தமாஷையெல்லாம் சொன்னேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மாக் வந்து என் தோளைத் தொட்டு, “போதுங்க” என்றாள்.

நேற்று ஃபௌசியா உன் பையைக் கொண்டுவந்தாள். அன்று என்ன நடந்ததென்று அவள் வாயால்தான் கேட்டேன்.

“அவ கத்தல பாக் சிக். மணி அடிச்சது, நாங்க எல்லாம் எழுந்தோம். அவ லென்சுல கண்ண வெச்சபடியே இருந்தா. மிச்சத் தட்ட முடிக்கிறான்னு நெனச்சோம். எப்பவும் அப்படித்தானே. அடுத்த ஷிஃப்ட் பொண்ணு வந்து, ‘கக், இது என் எடம்’னு தோளத் தொட்டப்பத்தான் தெரிஞ்சது. தட்டெல்லாம் முடிஞ்சிருந்தது. ஒரு கம்பி தப்பில்ல. எவ்வளவு நேரமா அப்படி இருந்தாளோ. கத்தியிருந்தா நாங்க ஓடியிருப்போம் பாக் சிக். அவ கத்தவே இல்லியே.”

அழுதாள். நான் அவளைத் தேற்றப் போனேன், சேம்பிலை என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

பையில் என் கடிதங்கள் எல்லாம் முடி கட்டும் நாடாவால் கட்டியிருந்தன. மஞ்சள் கோட்டும் இருந்தது. அதன் பையில் ஒரு காகிதம். நான் அதைப் படித்துவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

‘5 ஏப்ரல். அபா, என்னால் முடியவில்லை. பயமாக இருக்கிறது. முடியாது என்று யாரிடமும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள். சல்பியா.’

ஐந்தாம் தேதி. எனக்கு வந்த கடிதம் ஆறாம் தேதி. முதலில் இதை எழுதி, பிறகு மடித்து வைத்துவிட்டு, எனக்குப் பிடிக்கும்படி முழங்காலும் பூனைக்குட்டியும் முத்திரையும் போட்டு மறுபடி எழுதியிருக்கிறாய். நான் அதைக் கடையில் வாசித்துக் காப்பி குடித்தேன். நல்ல பேனா கடன் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். உன் மாக் கேட்டது இப்போதுதான் புரிகிறது. என்னிடம் நீ வேறு எப்படிப் பேசுவாய்? வேறு மாதிரிப் பேச நான் எங்கே உனக்குக் கற்றுத்தந்தேன்?

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் மேலும் ஒட்டியது. இருபத்திரண்டு வருஷமும் ஒட்டியது. ஒருவன் சன்னல் வழியாக என் முகத்தில் துப்பியிருக்கிறான். துடைத்துக்கொண்டு, “தண்ணி இங்க வருது போல” என்று சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அன்று மதியம் குழாய்கள் அடுக்கிய சாமான் அறைக்குள் போய்த் துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் அல்ல, பல நாள். அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வாசலுக்கு வெளியே முகத்தைச் சரிசெய்துகொண்டு, தமாஷை மட்டும் கொண்டுவந்தேன். நீ அதை உண்மை என்று நம்பி வளர்ந்தாய்.

குடை பிடித்த அம்மாளைப் பற்றி எழுதியிருந்தேன். நேற்று சாயங்காலம் ரயில்வே சாலைக்குப் போய் அவர் வீட்டைத் தேடிப் பிடித்தேன். உள்ளே அவர் கணவர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். அப்போது நாங்கள் குழாயைச் சரிசெய்யும் வரை ஐந்து வாரம், அவரைக் கழுவிவிடக் கோடி வீட்டிலிருந்து வாளி வாளியாக அந்த அம்மாள் சுமந்திருக்கிறார். நான் கேட்டேன், “ஏம்மா என்கிட்ட ஒரு சத்தம் போடல?”

“நீங்க அவ்வளவு சிரிச்ச முகமா இருந்தீங்க. உங்ககிட்ட எப்படிக் கத்துறது?”

லோங், அவர் வீட்டு வாசற்படியிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலையில் ஃபிளாஸ்க்கைச் சன்னலிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு நம் வரிசையில் வீடு வீடாகப் போனேன். பக்கத்து வீட்டு மாக் சூ, எதிர்வீட்டு முனியாண்டி, கோடியில் இருக்கிற சீனப் பாட்டி, ஒருவரையும் விடவில்லை. “எங்க வீட்லேருந்து ஒரு நாள் பெரிய சத்தம் கேக்கும். பயப்படாதீங்க. போமோவைக் கூப்பிடாதீங்க. யாரும் ஓடிவந்து அவளப் பிடிக்காதீங்க. அது என் மக. நான்தான் கத்தச் சொல்லியிருக்கேன்” என்றேன்.

முனியாண்டி கேட்டார். “எப்போ கேக்கும் தாயிப்?”

“தெரியல.”

“எவ்வளவு நேரம் கேக்கும்?”

“எவ்வளவு நேரமானாலும்.”

அவர் தன் ரேடியோவை நிறுத்தினார். “சரி. எங்களுக்குக் கேட்டா சந்தோஷந்தான்” என்றார்.

இந்தக் கடிதத்தில் சிரிக்க ஏதாவது இருக்கிறதா என்று மூன்று தரம் படித்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் இருந்தது, அடித்துவிட்டேன். பதில் எழுத வேண்டாம். உனக்கு எப்போது வருமோ அப்போது கத்து. என்னைத் திட்டிக் கத்து. நான் சிரிக்க மாட்டேன், நல்ல வார்த்தையும் சொல்ல மாட்டேன். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அபா